பதிவேடு மாறினால் கையேடும் மாற வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வாரம் முன்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். ஆய்வகத்தில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்டில் ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளத்தின் மூலநிரலை இறக்கிக்கொள்ள ஒரு கட்டளை இருந்திருக்கிறது. எத்தனை முறை அடித்தாலும் எதிர்முனையில் பதிலே இல்லை. "எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் அடிச்சேன் டீச்சர். எனக்கு இந்தப் படிப்பே வராது போல" என்றாள்.

எனக்கு அந்தக் கட்டளை புரியாது. ஆனால் "எனக்கு வராது" என்ற சொல்லை முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் கேட்டவள் நான். உடனே பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை செய்கிறான். நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டுச் சிரித்தான். "டீச்சர், அது சிவிஎஸ் காலத்துக் கட்டளை. அந்தச் சேவையை மூடி எத்தனையோ வருஷமாச்சு. நடுவுல இன்னொண்ணு வந்து, அதுவும் போயி, இப்ப கிட் வந்தாச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நோட்டு மேலதான் தப்பு."

அன்றிலிருந்து இரண்டு வாரமாக அவனைத் தொல்லை செய்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பள்ளிக்கூடக் கதை ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு பழசாகித் தாள் உதிர ஆரம்பித்தது. புதுப் பதிவேடு போட்டு, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் புது வரிசை எண் கொடுத்தோம். அப்போதைய தலைமையாசிரியை ஒரு காரியம் செய்யச் சொன்னார். ஒவ்வொரு புது எண்ணுக்குப் பக்கத்திலும் பழைய எண்ணைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். "இதெல்லாம் எதுக்கு" என்று நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதினோம். பல வருஷம் கழித்து வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தார். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி அத்தாட்சி வேண்டும். அவர் கையில் இருந்த சான்றிதழில் பழைய எண்தான் இருந்தது. பத்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தோம். அதே பள்ளியில் அதற்கு முன்பு ஒருமுறை பதிவேடு மாறியபோது யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளை ஒருத்தி, அவளே அம்மாவான பிறகு, ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்தாள்.

இப்போது கணினிக்கு வருவோம். இயங்குதளம் என்பது லட்சக்கணக்கான வரிகள் கொண்ட எழுத்து. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் அதைத் தினமும் திருத்துகிறார்கள். யார், என்றைக்கு, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று குறித்து வைக்க ஒரு பதிவேடு வேண்டும். அதைத்தான் வெர்ஷன் கண்ட்ரோல் என்கிறார்கள். தமிழில் பதிப்புக் கட்டுப்பாடு என்று எழுதுகிறார்கள். நான் திருத்தப் பதிவேடு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பதிவேட்டின் வம்சாவளி 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ் என்பதில் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் எழுதினார். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற ஆசிரியர் சிவிஎஸ்ஸைத் தொடங்கினார். தன் மாணவர்களோடு சேர்ந்து ஒரே நிரலில் வேலை செய்யவேண்டி வந்தபோது, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் அழிக்காமல் இருக்க அவர் செய்த ஏற்பாடு அது. பிறகு 2004இல் சப்வெர்ஷனின் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2005இல் கிட் பிறந்தது.

இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் எண் போடும் முறையில் இருக்கிறது. சிவிஎஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண். 1.1, 1.2, 1.3 என்று போகும். வகுப்புக்கு வகுப்பு தனி வருகைப் பதிவேடு மாதிரி. சப்வெர்ஷனில் மொத்தக் களஞ்சியத்துக்கும் ஒரே வரிசை எண். பள்ளி முழுமைக்கும் ஒரே சேர்க்கைப் பதிவேடு மாதிரி. கிட்டில் வரிசை எண்ணே கிடையாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளம். திருத்தத்தின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுப்பது. கைரேகை மாதிரி. கைரேகையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லலாம். அண்ணன் யார், தம்பி யார் என்று சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பதிவேடு மாறும்போது கையேடுகளுக்கு என்ன ஆகிறது என்பதற்கு மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

முதல் சம்பவம் லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த இயங்குதளக் கருவுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பதிவேடே கிடையாது. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும், அவர் பார்த்துச் சேர்ப்பார். வேலை தாங்காமல் 2002இல் பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறினார். அது ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள். இலவசமாகக் கொடுத்தார்கள், ஆனால் நிபந்தனைகளோடு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஜெஃப் கார்சிக் எழுதிய கையேடு லினக்ஸின் ஆவணங்களுக்குள்ளேயே இடம்பெற்றது. அதே வருஷம் ஏப்ரலில் டேனியல் ஃபிலிப்ஸ் என்ற நிரலாளர், அந்தக் கையேட்டையே நீக்கும் திருத்தம் ஒன்றை அனுப்பினார். சுதந்திர மென்பொருளின் ஆவணத்துக்குள் ஒரு தனியுடைமைக் கருவிக்கு ஏன் இடம் என்பது அவர் கேள்வி. பெரிய சண்டை நடந்தது. நிரலுக்காக அல்ல, கையேட்டுக்காக! கையேடு அப்போது நீக்கப்படவில்லை.

2005 ஏப்ரலில் அந்த நிறுவனம் இலவசப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் அந்தப் பதிவேட்டோடு பேசும் சொந்தக் கருவி ஒன்றை எழுத முயன்றதில் வந்த தகராறு அது. டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட்டை எழுதினார். ஏப்ரல் 7ஆம் தேதி கிட்டின் நிரலே கிட்டுக்குள் பதிவானது. ஏப்ரல் 16இல் லினக்ஸ் அதற்குள் வந்தது. ஆனால் பழைய வரலாற்றை அவர் கொண்டுவரவில்லை. முழுவதையும் ஏற்றினால் சுமார் 3.2 ஜிபி ஆகும், இப்போதைக்கு அந்தச் சுமை வேண்டாம், பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று முதல் பதிவிலேயே குறிப்பு எழுதினார். இன்றைக்கும் லினக்ஸின் முதன்மைப் பதிவேட்டில் 2005க்கு முந்தைய ஒரு வரியை யார் எழுதினார் என்று கேட்டால், அந்த முதல் பதிவில் போய் நின்றுவிடும். அதற்கு முந்தையதைப் பிற்பாடு தொகுத்த தனிக் களஞ்சியத்தில் தேட வேண்டும். பிட்கீப்பர் போனதும் அதன் கையேடும் லினக்ஸை விட்டுப் போனது. கிட்டுக்குப் புதிய வழிகாட்டிகள் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாவது சம்பவம் எதிர்வீட்டுப் பெண்ணின் ஃப்ரீபிஎஸ்டி. 1993இல் தொடங்கிய திட்டம். ஹேண்ட்புக் என்ற அதன் கையேடு நல்ல பெயர் பெற்றது. இந்தத் திட்டம் இரண்டு முறை பதிவேடு மாற்றியது. மூலநிரல் 2008இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்குப் போனது. ஆவணங்கள் 2012இல்தான் போயின. பிறகு 2020 டிசம்பரில் ஆவணங்களும் மூலநிரலும் கிட்டுக்கு மாறின.

2012 நவம்பரில் இவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு நிரலாளரின் சாவி களவுபோய், அதை வைத்துத் திட்டத்தின் கணினிகள் சிலவற்றுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். சப்வெர்ஷன் களஞ்சியத்தில் கைவைத்ததாகத் தெரியவில்லை என்று ஆராய்ந்து அறிவித்தார்கள். கூடவே, சிவிஎஸ் வழியாக நிரலை இறக்கும் பழைய சேவைகளை விட்டுப் புதிய வழிகளுக்கு மாறிவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார்கள். இங்கேதான் கையேட்டின் பொறுப்பு வருகிறது. பாதுகாப்பு காரணமாகக் கைவிட்ட வழியைக் கையேடு தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால், அதை நம்பிப் போகிறவன் புதியவன்தான். பழகியவனுக்கு எப்படியும் செய்தி போய்விடும். புதியவனுக்குக் கையேட்டைத் தவிர வேறு துணை இல்லை.

கிட்டுக்கு மாறியபோது இன்னொரு வேலையும் இருந்தது. அவர்களுடைய கோப்புகளில் எண்ணும் தேதியும் தானாகப் பதிவாகும்படி ஒரு வரி இருக்கும். சிவிஎஸ்ஸும் சப்வெர்ஷனும் அதை நிரப்பும். கிட் அப்படி நிரப்பாது. பயனற்றுப்போன அந்த வரிகளை மூலநிரலிலிருந்து மொத்தமாக நீக்கியது 2023இல்தான். மாறிய பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் அவை அங்கேயே இருந்தன. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பழைய சப்வெர்ஷன் திருத்தங்கள் கிட்டுக்குள் வந்தபோது, அவற்றோடு பழைய எண்ணையும் குறிப்பாகச் சேர்த்து வைத்தார்கள். பழைய மின்னஞ்சலில் பழைய எண்ணைப் பார்த்தவர் இன்றும் தேடிப் பிடிக்கலாம். எங்கள் தலைமையாசிரியையின் சிவப்பு மைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவது சம்பவம் நம் தமிழுக்கு நெருக்கமானது. டெபியன் என்ற இயங்குதளம் 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. அதன் இணையதளத்தை உலகம் முழுக்கத் தொண்டர்கள் பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். தமிழிலும் பக்கங்கள் உண்டு. மூலம் ஆங்கிலத்தில். ஆங்கிலப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மொழிபெயர்ப்பு பின்தங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு எளிமையான ஏற்பாடு ஒன்று வைத்திருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தின் தலையில் ஒரு வரி. "நான் ஆங்கிலப் பக்கத்தின் 1.35ஆம் திருத்தத்தைப் பார்த்து எழுதப்பட்டேன்" என்று அதற்கு அர்த்தம். ஆங்கிலப் பக்கம் இப்போது 1.42இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 42இலிருந்து 35ஐக் கழித்தால் 7. பொதுவாக 5க்கு மேல் போனால், "இந்த மொழிபெயர்ப்பு பழையது, மூலத்தைப் பாருங்கள்" என்ற எச்சரிக்கை தானாகப் பக்கத்தில் தோன்றும். முக்கியமான பக்கத்துக்கு இந்த இடைவெளியைக் குறைத்து வைக்கலாம், சாதாரணப் பக்கத்துக்குக் கூட்டி வைக்கலாம். மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கழித்தல்தான் பல மொழிகளின் பக்கங்களைக் காவல் காத்தது.

2018இல் டெபியன் தன் பழைய கூட்டுப்பணிச் சேவையகத்தை மூடியது. இணையதளமும் சிவிஎஸ்ஸை விட்டுக் கிட்டுக்கு மாறியது. கழித்தல் செத்துப்போனது. 40 குறிகள் கொண்ட ஒரு கைரேகையிலிருந்து இன்னொரு கைரேகையை எப்படிக் கழிப்பது?

ஆகவே எல்லா மொழிகளின் கோப்புகளிலும் இருந்த 1.35, 1.42 போன்ற எண்களுக்கு நேரான கிட் அடையாளத்தைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. கணக்குப் போடும் நிரல்களையும் மாற்றி எழுதினார்கள். இப்போது அவை கழிப்பதில்லை. ஆங்கிலக் கோப்பின் வரலாற்றில் அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்குப் பிறகு எத்தனை திருத்தங்கள் வந்தன என்று எண்ணுகின்றன. மொழிபெயர்ப்பாளர்களுக்கான வழிகாட்டியையும் திருத்த வேண்டும். முன்பு "எண்ணைப் பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லலாம். 40 குறிகளை யார் பார்த்து எழுதுவது? பக்கத்தை நகலெடுக்கும் கருவியே அடையாளத்தைப் பதிந்துவிடும், அதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்.

இந்த வேலையை யாரும் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆங்கிலம் படிக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற பெரிய குழு உள்ள மொழிகள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். தமிழ் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய தொண்டர்கள் உள்ள மொழிக்குத்தான் அடி விழும். எந்தப் பக்கம் பழசு, எது புதுசு என்று சொல்ல ஆள் இருக்காது. தப்பான தகவல் தமிழில் தைரியமாக நின்றுகொண்டிருக்கும். அதைப் படிக்கும் நம் பிள்ளை, "எனக்கு வராது" என்று சொல்லும்.

இது எங்கோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். குரோம்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் தோல் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த எம்.ஐ.டி. அங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற இந்திய இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்து பல பிள்ளைகளின் கைக்கு வந்தது. பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் வீட்டுக்கு வீடு அந்தக் கணினியைப் பார்த்திருக்கிறோம். எத்தனை பேர் பாஸைத் திறந்து பார்த்தார்கள்? திறந்தவர்களுக்கும் சந்தேகம் வந்தால் தமிழில் பார்க்க என்ன இருந்தது? கணினியைக் கையில் கொடுத்த அளவுக்குக் கையேட்டைக் கையில் கொடுக்கவில்லை என்பது ஓர் ஆசிரியையாக என் ஆதங்கம்.

அதே காலத்தில் 2012 ஜனவரியில் கணியம் என்ற மாத இதழ் இணையத்தில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவதற்காகவே தொண்டர்கள் நடத்துவது. பிள்ளைகள் தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள இப்படிச் சிலராவது எழுதினார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் எழுதியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எழுதுவதோடு முடிவதில்லை. எழுதியதைத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. புதுப் பாடம் எழுதக் குழு போடுவார்கள். பழைய பாடத்தில் மாறிப்போன ஒரு வரியைத் திருத்த யாரும் குழு போட மாட்டார்கள். பாராட்டு விழாவும் கிடையாது.

பதிவேடு மாற்றுகிறவர்கள் புத்திசாலிகள். நல்ல காரணத்தோடுதான் மாற்றுகிறார்கள். சிவிஎஸ்ஸில் ஒரு கோப்பின் பெயரை மாற்றுவதே கஷ்டமாம். கிட் வந்த பிறகு இணையம் இல்லாமலே முழு வரலாற்றையும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாமாம். மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. மாற்றம் எப்போது முடிகிறது என்பதில்தான் என் பேச்சு. நிரல் புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு அது முடிவதில்லை. பழைய விலாசத்தைச் சொல்லும் கடைசிக் கையேட்டில் புது விலாசம் ஏறும் அன்றைக்குத்தான் முடிகிறது.

எதிர்வீட்டுப் பெண் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலையே என் மாணவன் கைப்பேசியில் அவளோடு பேசினான். இன்றைய ஹேண்ட்புக்கில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று காட்டினான். கால் மணி நேரத்தில் இறக்கம் ஆரம்பித்துவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளிடம் ஒன்று சொன்னேன். அந்த ஜெராக்ஸ் நோட்டில் அந்தக் கட்டளையை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுது, கீழே தேதி போடு, பிறகு ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடு என்றேன். "சார் கோவிச்சுப்பாரா டீச்சர்?" என்று கேட்டாள். "பழைய கட்டளையை அடிச்சிடாதே. படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு மட்டும் போடு. கோவிச்சுக்க மாட்டார்" என்றேன்.

போன திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள். அவளுடைய திருத்தத்தோடு அந்தத் தாளை வகுப்பு முழுவதற்கும் மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்களாம். ஓரத்தில் அவள் எழுதிய தேதியும் அப்படியே இருக்கிறதாம்.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் எப்போதோ எழுதிப் போட்ட குறிப்பு ஒன்றை இந்த வாரம் திறந்து பாருங்கள். மாறிப்போனதைத் திருத்துங்கள். தேதி போடுங்கள். முடித்தவர்கள் கீழே "முடிந்தது டீச்சர்" என்று எழுதுங்கள். இந்தப் பதிவில் ஏதாவது பிழை இருந்தாலும் சொல்லுங்கள். பழையதை அழிக்காமல், பக்கத்தில் எழுதித் திருத்திக்கொள்கிறேன்.